நாற்பதாவது கோட்டை

ஜூலை 7, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பெருமை தருவதையும் எழுதுவேன், தராததையும் எழுதுவேன். பேனாவால்தான் எழுதுவேன். அடித்தல் திருத்தல் கிடையாது. பிற்காலத்தில் யாராவது வாசித்தால், கோவில்பட்டியில் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்த செண்பகவல்லி ஒரு பொய்கூட எழுதவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

இன்று எங்கள் பள்ளியில் கணினி மன்றம் தொடங்கியது. எட்டுப் பேர், எட்டு கம்ப்யூட்டர். பள்ளி விட்டதும் நாலே காலிலிருந்து ஐந்தே கால் வரை, தினம் ஒரு மணி நேரம். விளையாட்டின் பெயர் 'அறுபது கோட்டை'. நாம் ஒரு நாட்டுக்கு ராணி. மற்ற ஐந்து நாடுகளின் அரசர்களைக் கம்ப்யூட்டரே ஆடும். அறுபது கோட்டையையும் பிடித்தால் வெற்றி. ஆகஸ்டில் மதுரையில் ஒரு கல்லூரியில் மூன்று நாள் முகாம் நடக்கிறது. இப்படி விளையாட்டுகளை உருவாக்கவே அங்கே கற்றுத் தருகிறார்கள். பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். இருபத்தைந்தாம் தேதிக்குள் யார் முதலில் அறுபதையும் பிடிக்கிறாளோ அவள்தான் போவாள் என்று தங்கமாரி டீச்சர் சொன்னார். யாரும் பிடிக்காவிட்டால் யாரும் போக வேண்டாமாம்.

நான் போயே ஆக வேண்டும். இதுவரை என்னைப் பள்ளியிலிருந்து எங்கும் அனுப்பியதில்லை. எல்லாப் போட்டியிலும் இரண்டாவதாக வருகிறவளை யாரும் எங்கும் அனுப்புவதில்லை.

ஜெனிட்டாவும் சேர்ந்திருக்கிறாள். இரண்டாம் வகுப்பிலிருந்து அவளும் நானும் ஒரே பெஞ்சு. யார் போனாலும் மற்றவள் வருத்தப்படக் கூடாது என்று சொல்லி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டிப் பழம் விட்டுக்கொண்டோம். சண்டையே போடாமல் பழம் விட்டது இதுதான் முதல் தடவை.

லேப் ஜன்னல்களில் வெயில் படாமலிருக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஐந்தே காலுக்கு லேப் உதவியாளர் வேலம்மாள் அக்கா ட்யூப்லைட்டுகளை அணைத்ததும் வெளியே வெயில் இருக்கும்போதே பையைத் தடவித்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

கையேட்டை முழுதாக வாசித்துவிட்டேன். முப்பத்திரண்டு பக்கம், பதினாறு எழுத்துப்பிழை. 'ஒப்பந்தம்' என்று வரும் இடமெல்லாம் 'ஒப்பந்தாம்' என்றிருக்கிறது. சிவப்பு மையால் திருத்தி டீச்சரிடம் கொடுத்தேன். நன்றி என்றார். அவ்வளவு மகிழ்ச்சியாகத் தெரியவில்லை.

ஜெனிட்டா முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. கோழி குப்பையைக் கிளறுவதுபோல் திரையில் கண்ட இடத்தில் எல்லாம் கிளிக் செய்கிறாள். மரத்தைக் கிளிக் செய்கிறாள், மேகத்தைக் கிளிக் செய்கிறாள். மேகத்தைக் கிளிக் செய்தால் இடி இடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் பதினான்கு கோட்டை, அவள் ஏழு.

பக்கத்து நாட்டு அரசன் எயினனுக்குப் பஞ்சம் வந்தது. நூறு மூட்டை தானியம் அனுப்பினேன். 'உன் உதவியை என் வம்சம் மறவாது' என்று திரையில் கும்பிட்டான். நல்லவன்.

ஜூலை 9, புதன்

குழாயில் தண்ணீர் வந்தது. பள்ளிக்குப் போகுமுன் பதினெட்டுக் குடம் தூக்கினேன். கை வலியால் இன்று மவுஸ் பிடிக்கவே சிரமம்.

ஜெனிட்டாவின் ஊருக்கு நாலு ஐம்பதுக்கு பஸ். விட்டால் ஆறே காலுக்குத்தான். அதனால் தினமும் பாதி நேரத்தில் எழுந்து ஓடுகிறாள். பாவமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவளுக்கு லேப்பைத் திறந்து விடும்படி நான்தான் வேலம்மாள் அக்காவிடம் கேட்டேன். அவர் வயர் கூடை பின்னிக்கொண்டே, டீச்சருக்குத் தெரிந்தால் யார் பதில் சொல்வது என்றார்.

"கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்க்கா."

"நீ பெரிய வக்கீலு," என்று சாவியை எடுத்தார்.

நான் இருபத்திரண்டு. ஜெனிட்டா ஒன்பது. எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

ஜூலை 11, வெள்ளி

என் கோபம் அடங்கும்வரை எழுதப் போகிறேன்.

இன்று நான் முப்பத்தெட்டுக் கோட்டையோடு உட்கார்ந்தேன். ஐந்து அரசர்களில் நால்வர் நண்பர்கள். வெண்ணி அரசி போன ரவுண்டில்தான் யானை பரிசளித்திருந்தாள். முப்பத்தொன்பதைப் பிடித்தேன், வாழ்த்து அனுப்பினார்கள். நாற்பதைப் பிடித்தேன். அடுத்த ரவுண்டில் ஐந்து பேரும், ஐந்து பேருமே, ஒப்பந்தத்தைக் கிழித்தார்கள். ஒருவரோடொருவர் நூறு ரவுண்டாக வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரே இரவில் சம்பந்தி ஆகிவிட்டார்கள். மூன்று கோட்டை மட்டும் வைத்திருக்கும் ஒரு நோஞ்சான், அவனும் எட்டு வீரர்களைக் கூட்டிக்கொண்டு என்மேல் படையெடுத்து வருகிறான். அவனுக்கு இதனால் என்ன லாபம்? நான் தோற்றாலும் அவன் ஜெயிக்கப் போவதில்லை. தான் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இவர்களுக்கு எண்ணமில்லை, அடுத்தவள் ஜெயிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதில் எயினன் சொன்ன காரணம்தான் உச்சம். 'உன் படை என் எல்லைக்கு அருகில் நிற்கிறது.' நிற்காமல்? அவன் கேட்டுத்தானே நிறுத்தினேன், அவனைக் காப்பாற்ற! நூறு மூட்டை தானியம் தின்றபோது எல்லை தெரியவில்லை. வம்சமே மறவாதாம். இருபது ரவுண்டுகூடத் தாங்கவில்லை.

மனிதர்கள் இப்படி இருக்கமாட்டார்கள். ஏழு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அது. இயந்திரத்துக்குக் கணக்கு தெரியும், நன்றி தெரியாது. விளையாட்டை எழுதியவர்கள் புத்தகம் எதுவும் வாசிக்காதவர்களாக இருக்க வேண்டும். கையேட்டைப் பார்த்தாலே தெரிகிறது.

விளக்கை அணைக்கும்போது எனக்கு முப்பத்தைந்து கோட்டை மிச்சம்.

ஜூலை 14, திங்கள்

முப்பத்தாறு. மீண்டும் மேலே ஏறி வருகிறேன். இந்த ஐந்து கோமாளிகளைப் பற்றி ஜெனிட்டாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சின்னப் பிள்ளைகள் சுண்டுவிரலைக் காட்டிக் காய் விடுவதைப்போல் ராஜாக்கள் காய் விடுகிறார்கள் என்றேன். நகர்த்துவதும் காய், விடுவதும் காய் என்றாள் அவள். இது நல்ல வாக்கியம். நான் சொல்லியிருக்க வேண்டியது.

ராஜாவின் தலைப்பாகையில் என்னவோ இருக்கிறது, வந்து பார் என்று கூப்பிட்டாள். மேகத்தில் இடி, தலைப்பாகையில் என்ன, பேன் இருக்கிறதா? முதலில் கையேட்டை வாசி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

கல்வி வளர்ச்சி நாள். லேப் இல்லை. பேச்சுப் போட்டியில் 'நன்றி மறவாமை' பற்றிப் பேசினேன். இரண்டாம் பரிசு.

ஜூலை 16, புதன்

ஜெனிட்டாவிடம் முப்பத்தொன்பது கோட்டை. எப்படி வந்தது என்றே தெரியவில்லை. ஆனால் வந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாக ஒரு கோட்டைகூடப் பிடிக்கவில்லை. யானை சேர்க்கிறாள், கப்பல் கட்டுகிறாள், எல்லா அரசர்களுக்கும் மாம்பழம் அனுப்புகிறாள். பயந்துவிட்டாள் போல. துணிவில்லாதவர்களுக்கு இந்த விளையாட்டு சரிப்படாது.

நான் முப்பத்தேழு.

ஜூலை 17, வியாழன்

ஜெனிட்டா மத்தியானத்தில் ஒரே மூச்சில் முப்பத்தொன்பதிலிருந்து ஐம்பத்திரண்டுக்குப் போய்விட்டாள். ராஜாக்கள் ஐந்து பேரும் காய் விட்டார்களாம். ஆனால் அதற்குள் அவர்களுடைய துறைமுகங்கள் எல்லாம் அவள் கையில். காய் விட்டு என்ன செய்ய, கப்பல் இல்லையே என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டில் மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார் அம்மா. மறந்துவிட்டேன். திட்டு.

ஜூலை 18, வெள்ளி

சில விஷயங்களை நெடுநாளாகக் கவனித்து வந்தும் எழுதாமல் விட்டிருக்கிறேன். ஜெனிட்டா பெஞ்சில் தன் பையை எப்போதும் என் பக்கமாகத் தள்ளி வைக்கிறாள். இன்று ஒரு சாண் வந்திருந்தது. எனக்கு எழுதவே இடமில்லை. சொன்னேன். ஏழு வருஷமாக அங்கேதானே வைக்கிறேன் என்றாள். ஏழு வருடமாகச் செய்வதால் ஒன்று சரியாகிவிடாது.

தவிர, மத்தியான வேளை அவளுக்கு மட்டும் கூடுதலாகக் கிடைப்பது மற்ற ஏழு பேருக்கும் அநியாயம். தினம் ஒரு மணி நேரம் என்பதுதான் விதி. டீச்சர் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நான் பொய் சொல்வதில்லை.

பிறகு லேப்பில் ஆடினேன். நாற்பத்தொன்று. மறுபடி ஐந்து பேரும் பாய்ந்தார்கள். ஈனப் பிறவிகள்.

விளக்கு அணைந்தது.

ஜூலை 20, ஞாயிறு

ஜெனிட்டா ஏன் வழக்கம்போல் இந்த ஞாயிறு வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா கேட்டார். காய் என்றேன். "வயசுக்கு வந்த பிள்ளைக காய் விடுதாளுகளாம்," என்று சிரித்துவிட்டு வத்தலைக் காயப் போடப் போய்விட்டார். என்ன நடந்தது என்று கேட்பார் என நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கேட்காததே நல்லது.

ஜூலை 21, திங்கள்

ஜெனிட்டாவை மன்றத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் உட்காரும் கம்ப்யூட்டருக்கு உறை போட்டாயிற்று. வேலம்மாள் அக்காவைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் நிற்க வைத்ததாகச் சொன்னார்கள். திரும்பி வந்து கூடையைக் கையில் எடுத்தார், ஆனால் பின்னவில்லை. யார் கேட்டது என்று அவர் என் பெயரைச் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

இனி ஐந்தே கால் என்றால் ஐந்தே காலுக்கு விளக்கு அணைந்திருக்க வேண்டும் என்று அவருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது போட்டியில் என்னைத் தவிர முப்பதைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஜெனிட்டா பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பெஞ்சில் எனக்கு நிறைய இடம். கையை நீட்டி நீட்டி எழுதினேன்.

மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் நேருக்கு நேர் பார்த்தோம். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. சத்தமும் போடவில்லை. அவள் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"ராஜாவோட தலப்பாகைய ஒரு தடவ கிளிக் பண்ணிப் பாரு செண்பா. ஏன் காய் விட்டான்னு அதுல எழுதியிருக்கும். உனக்கு எங்கட்டி கிளிக் பண்ண?"

பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர் என் காலெல்லாம் வழிந்தது, குழாயை மூட மறந்து நின்றிருக்கிறேன்.

ஜூலை 23, புதன்

மறுபடி நாற்பது கோட்டை ஆனதும் எயினனின் தலைப்பாகையைக் கிளிக் செய்தேன். கையேட்டில் இல்லாத ஒரு பக்கம் திறந்தது. தலைப்பு: 'மனநிலை'. கீழே நான்கே வரி.

பஞ்சத்தில் தானியம் தந்தாய்: +6
ஒப்பந்தாத்தை மதித்தாய்: +4
எல்லையில் படை: −1
வெற்றியை நெருங்குகிறாய்: −40

நாற்பது கோட்டை ஆனதும் அந்தக் கடைசி வரி முளைக்கிறது. ஒரு கோட்டையை இழந்து முப்பத்தொன்பது ஆனதும் அது மறைந்துவிட்டது. ஜெனிட்டா முப்பத்தொன்பதில் உட்கார்ந்திருந்தது இதனால்தான். பயத்தால் அல்ல. பதினான்காம் தேதியே இதைத்தான் காட்டக் கூப்பிட்டிருக்கிறாள்.

வெண்ணி அரசியின் மகுடத்தையும், அந்த நோஞ்சானின் குல்லாவையும் கிளிக் செய்தேன். எல்லோரிடமும் அதே −40. ஒளிக்கவில்லை. தலைமேலேயே வைத்துக்கொண்டு அலைகிறார்கள். நான் தந்த தானியத்தைக்கூட அழிக்கவில்லை, +6 அப்படியே இருக்கிறது. இந்தக் கோமாளிகளை நான் நன்றி கெட்டவர்கள் என்று இந்த நோட்டில் எத்தனை பக்கத்தில் எழுதியிருக்கிறேன்!

ஒரு ராஜாவிடமும் 'மத்தியான வேளை' என்ற வரி இல்லை. 'பை' என்ற வரி இல்லை.

இரண்டு நாள் இருக்கிறது. விளக்கை அணைக்கும்போது எனக்கு முப்பத்தாறு கோட்டை. இனி வழியும் தெரியும். பிடித்துவிடலாம்.

ஜூலை 24, வியாழன்

அடித்தல் திருத்தல் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டதால் பதினெட்டாம் தேதியை அடிக்க முடியாது. இங்கே எழுதுகிறேன்.

டீச்சர் கேட்கவில்லை. கேட்காமலே நான் போனேன். டீச்சர் அறை வாசலில், உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்ததாகக்கூட நினைவில்லை. நேராகப் போனேன். மத்தியானம் திறந்துவிடச் சொன்னது நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பை ஏழு வருடமாக அங்கேதான் இருந்தது. அது ஒரு சாண் வரவும் இல்லை, நான் அளக்கவும் இல்லை.

வெற்றியை நெருங்கினாய்: −40. வேறு வரியே இல்லை.

ஈனப் பிறவி என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? சரியான சொல்தான். ஆளைத்தான் தவறாக எழுதிவிட்டேன்.

லேப்பில் கோட்டை எதுவும் பிடிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலை வழிபாட்டுக்கு முன் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலம்மாள் அக்காவிடம் நான் சொல்லிக்கிடுதேன் என்று சொன்னதையும் சொன்னேன். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"கையேட்டுல பதினாறு தப்பு கண்டுபிடிச்சியே, இது பதினேழாவதா?"

கடைசி நாள் ஜெனிட்டா ஆடட்டும், நீ வெளியே இரு என்றார். வேலம்மாள் அக்காவுக்கு எழுத்தில் கொடுத்த கண்டிப்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதைக் கேட்க உனக்கு இன்றுதான் நேரம் கிடைத்ததா என்றார். பிறகு, தலைமையாசிரியரிடம் நீயே வந்து சொல் என்று கூட்டிக்கொண்டு போனார். சொன்னேன்.

நாலே காலுக்கு லேப் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகவும் முடியவில்லை. ஜெனிட்டா என்னைத் தாண்டி உள்ளே போனாள். குனிந்து செருப்பைக் கழற்றும்போதும் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு கோட்டை விழுந்தால் விளையாட்டில் ஒரு முரசு அடிக்கும். கதவுக்கு வெளியே நன்றாகக் கேட்கிறது. ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்கு. நெடுநேரம் ஒன்றுமில்லை. நாலு ஐம்பதுக்கு நாற்காலி நகரும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவளுடைய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு பள்ளியைக் கடந்து போனது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு.

ஐந்து பத்துக்கு மற்றப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஐம்பத்தெட்டு. நான் எழுந்து கதவுக்குள் நின்றேன். கதவு தானாகப் பின்னால் சாத்திக்கொண்டது. ஐம்பத்தொன்பது. திரையில் எயினன் கடைசிக் கோட்டைக்குள் இருந்தான். தலைப்பாகைதான் முதலில் கண்ணில் பட்டது.

வேலம்மாள் அக்கா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஐந்தே கால்.

"அக்கா, ஒரு ரவுண்டுக்கா," என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டம்னா சட்டம்லா. எழுதிக் குடுத்துருக்காக."

சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். லேப் முழுவதும் இருண்டது. ஜெனிட்டாவின் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"வெளக்க அணைக்கணும்னுதாம் எழுதியிருக்கு," என்று இருட்டில் அவர் குரல் கேட்டது. "கம்ப்யூட்டரப் பத்தி ஒண்ணும் எழுதலயே. நீ அடிளா."

கிளிக். முரசு அடித்தது. இதுவரை கேட்டிராத ஒரு மேளமும் சேர்ந்து வாசித்தது. கோட்டைகள் எல்லாம் ஒரே நிறமாயின. ஜெனிட்டா கைகளை மடியில் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தினாள். அவள் எழுந்து என் பக்கம் திரும்பி, கையைத் தூக்கியபோது திரை அணைந்துகொண்டிருந்தது.

கையைத் தூக்கினாள், அது நிச்சயம். நீட்டியது சுண்டுவிரலா, இரண்டு விரலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாக எழுதமாட்டேன். விளக்கு அணைக்கப்பட்டிருந்தது.